மாதிரி மெட்ரோ நிற்க மாட்டேன் என்கிறதா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கண்காட்சி, புராஜெக்ட் ரிவ்யூ என்று வந்துவிட்டால், என் எலக்ட்ரானிக்ஸ் கடை மேசையில் ஏதாவது ஒரு மாதிரி மெட்ரோ ரயில் ரிப்பேருக்கு வந்து உட்கார்ந்துவிடும். நம் பக்கம் மெட்ரோ கிடையாது. 2015 ஜூனில் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே சென்னை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, லீவுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு அதைச் செய்துபார்க்கும் ஆசை வந்தது. தானாக சிக்னல் மாற வேண்டும், தானாக பிரேக் விழ வேண்டும், முன்னால் போகிற ரயிலை இடிக்காமல் பின்னால் வருவது நிற்க வேண்டும். இப்போது இந்திய ரயில்வேயின் தானியங்கி மோதல் தடுப்பு அமைப்பான ‘கவச்’ மாடலும் சேர்ந்துகொண்டது. மாடல் மாறினாலும் கோளாறு அதேதான். அதனால் எதைப் பார்த்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிவிட்டேன்.

சோதிக்கத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த மாடல்களில் வருகிற கோளாறு இரண்டே வகைதான். நிற்க வேண்டாத இடத்தில் நிற்பது ஒன்று. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது இன்னொன்று. முதலாவது எரிச்சல், இரண்டாவது ஆபத்து. நிஜ மெட்ரோவில் ரேடியோ தொடர்பு போனாலும், கம்பி அறுந்தாலும், பிரேக்குக்கான காற்று இறங்கினாலும் ரயில் நிற்கிற பக்கமாகவே எல்லாம் சாயும்படி அமைத்திருப்பார்கள். பிள்ளைகள் பல சமயம் எரிச்சலைப் போக்கப் போய் ஆபத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கீழே எந்த இடத்தில் அந்தத் தவறு நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு, ஒரு சின்ன காந்தம், கறுப்பு இன்சுலேஷன் டேப், கொஞ்சம் 104 என்று அச்சிட்ட (0.1 மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர், 10கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர். புரோகிராமைக் கடைசியில் திறங்கள். “அண்ணே, கோடுலதான் எங்கேயோ தப்பு” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் மாடலில் பாதிக்கு மேல் அழுக்கும் வெளிச்சமும் கரண்டும்தான் காரணமாக இருக்கின்றன.

## சிவப்பு எரிகிறது, ரயில் நிற்காமல் போகிறது

ரயிலைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்திலிருந்தே கரண்ட் எடுக்கிற மாடல் என்றால் இரண்டு கிளிப் வயர் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற விடுங்கள். இனி, ரயிலை நிறுத்த வேண்டிய சென்சாரைக் கையால் தூண்டுங்கள். ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் என்றால் விரலை நீட்டினால் போதும், காந்த சென்சாருக்குக் காந்தம், ரேடியோ அலையால் அடையாளம் படிக்கும் ஆர்எஃப்ஐடி என்றால் அதன் டேக். சக்கரம் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

சட்டென்று நின்றால் கட்டளையும் பிரேக்கும் சரி. சென்சார் வைத்த இடமோ ரயிலின் வேகமோதான் தப்பு. நேரே ‘பிளாட்ஃபார்மைத் தாண்டி நிற்கிறது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

### சக்கரம் மெல்ல ஓய்ந்து நிற்கிறது

இது பிரேக் இல்லை. மோட்டாருக்குப் போகிற மின்சாரம் மட்டும் நின்றிருக்கிறது. எல்298என் டிரைவர் (கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு) போட்ட அநேகமாக எல்லா மாடலிலும் இதைப் பார்க்கிறேன். வேகத்தைப் பூஜ்யம் ஆக்குவதாக நினைத்து எனேபிள் பின்னில் பூஜ்யம் எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரயில் சும்மா உருண்டுகொண்டே போகும்.

பிரேக் வேண்டுமென்றால் திசையை முடிவுசெய்யும் ஐஎன்1, ஐஎன்2 பின்கள் இரண்டையும் ஒரே நிலையில் வைத்து, எனேபிளை முழுதாக ஹையில் வைக்க வேண்டும் (ஹை என்றால் வோல்ட் உண்டு, லோ என்றால் இல்லை). இரண்டும் லோவாக இருக்கலாம், இரண்டும் ஹையாகவும் இருக்கலாம். அப்போது மோட்டாரின் இரு முனையும் டிரைவருக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னைத் தானே பிடித்து நிறுத்தும். நம்பிக்கை இல்லை என்றால் மோட்டாரை வெளியே எடுத்து, வயர் இரண்டும் தனித்தனியாக இருக்கும்போது ஒரு தடவை சக்கரத்தை விரலால் திருப்புங்கள். பிறகு வயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுத் திருப்புங்கள். இறுக்கம் விரலுக்கே தெரியும்.

நிஜ மெட்ரோவிலும் வேகமாகப் போகும்போது முதல் பிடி மோட்டார் வழியாகத்தான் விழுகிறது; அந்த மின்சாரத்தைத் திரும்ப லைனுக்கே அனுப்புவார்கள். வேகம் குறையக் குறைய அந்தப் பிடி வலுவிழக்கும். அதனால் கடைசியில் நிறுத்துவதற்கும், நின்ற பிறகு நகராமல் பிடிப்பதற்கும் உராய்வு பிரேக் தனியாக உண்டு. மாடலிலும் அப்படியே: மேம்பாலச் சரிவில் நிறுத்த வேண்டிய ரயிலை மோட்டார் பிரேக் பிடித்து வைக்காது. சரிவு வைத்தே ஆக வேண்டும் என்றால் வார்ம் கியர் மோட்டாருக்கு மாறுங்கள். வேறு எந்தத் தந்திரமும் அங்கே உதவாது.

### சக்கரம் நிற்கவே இல்லை

சென்சாரிலிருந்து மோட்டார் வரை எங்கோ செய்தி அறுந்திருக்கிறது. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கலாம்.

ஐஆர் மாட்யூலில், எப்போதும் எரியும் பவர் எல்இடி இருந்தால் அது போக, சென்சார் உணர்ந்ததைக் காட்டும் ஒரு சின்ன எல்இடி உண்டு. விரலை நீட்டும்போது அது எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிகிறது, ஆனால் ரயில் கேட்கவில்லை என்றால் வயரோ பின் எண்ணோதான் தப்பு. ஜம்பர் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். பழைய ஜம்பர்களில் உள்ளே செம்பு அறுந்து மேலே பிளாஸ்டிக் மட்டும் முழுசாக நிற்பது சகஜம். எல்இடி அசையவே இல்லை என்றால் நீலப் பெட்டிக்குள் இருக்கும் திருகை மெதுவாகத் திருப்பி, விரல் சுமார் 3 சென்டிமீட்டரில் வரும்போது எரிகிற இடத்தில் நிறுத்துங்கள். எல்இடி எப்போதும் எரிந்தே கிடந்தால் வெளிச்சம்தான் காரணம். அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

காந்த சென்சார் என்றால் ஏ3144தான் பெரும்பாலும் இருக்கும். அது காந்தத்தின் தென்முனையை மட்டும், எழுத்து அச்சிட்ட பக்கத்தில் காட்டினால்தான் வேலை செய்யும். ரயிலுக்கு அடியில் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டியிருந்தால் நாள் முழுக்க ஓட்டினாலும் சென்சாருக்குத் தெரியாது. இன்னொரு பெரிய தொல்லை, ஈஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டில் 3.3 வோல்ட் இருக்கிறதே என்று அதிலிருந்து இந்தச் சென்சாருக்குக் கரண்ட் கொடுப்பது. இதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். சப்ளையை 5 வோல்ட்டிலிருந்து கொடுங்கள். அவுட்புட்டை 10கே ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வையுங்கள். அதன் அவுட்புட் திறந்த கலெக்டர் வகை (தானாக வோல்ட் கொடுக்காது, கிரவுண்டுக்கு மட்டும் இழுக்கும்) என்பதால் போர்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஆர்எஃப்ஐடி மாடல்களுக்கு வருவோம். கவச் அமைப்பில் தண்டவாளத்தின் நடுவே டேக் பதித்து, மேலே போகிற இன்ஜின் அதைப் படித்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. பிள்ளைகள் ஆர்சி522 ரீடரை ரயிலுக்கு அடியில் மாட்டி அதையே செய்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் அழகுக்காகத் தகரத் தகட்டின் மேலோ அலுமினிய ஃபாயில் மேலோ டேக்கை ஒட்டிவிட்டால் படிக்காது. உலோகம் அந்த அலையைக் கெடுத்துவிடும். டேக்குக்கு அடியில் ஃபோம் அட்டை வைத்துச் சில மில்லிமீட்டர் தூக்குங்கள். ரீடருக்கும் டேக்குக்கும் இடைவெளி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. அதோடு ஆர்சி522-க்கு 3.3 வோல்ட் மட்டுமே. 5 வோல்ட் கொடுத்திருந்தால் மாட்யூல் போயிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது புரோகிராமைத் திறக்கலாம். தேட வேண்டியது ஒரே சொல்: டிலே. புரோகிராமை அப்படியே நிறுத்திவைக்கும் கட்டளை அது. ரயில் நொடிக்கு 40 சென்டிமீட்டர் போகிறது, நடுவில் எல்சிடிக்காக அரை நொடி டிலே போட்டிருக்கிறீர்கள் என்றால், அந்த அரை நொடியில் ரயில் 20 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போகிறது. சென்சார் அதற்குள் வந்து போயிருக்கும். டிலேயை எடுத்துவிட்டு, ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கணக்கில் எழுதுங்கள். நிறுத்தும் சென்சாரை, மற்ற வேலையை விட்டுவிட்டு உடனே கவனிக்க வைக்கும் இன்டரப்ட் பின்னில் கொடுத்தால் இன்னும் நல்லது.

கடைசிச் சந்தேகம் டிரைவர். மோட்டார் வயரையும் அதற்கான ஐஎன், எனேபிள் வயர்களையும் சேர்த்து டிரைவரின் அடுத்த சேனலுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே ஓடி, ஒழுங்காக நிற்கிறது என்றால் பழைய சேனல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. போர்டை மாற்றுவதுதான் வழி. பள்ளி மாணவர்கள் அந்தச் சிப்பைச் சால்டர் செய்து மாற்றப் போக வேண்டாம். புதிது வாங்கும் செலவைவிட உழைப்பு அதிகம்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். போர்டு ரீசெட் ஆகும் அந்தக் கண நேரத்தில் அதன் பின்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் தொங்கும். டிரைவரில் எனேபிள் ஜம்பர் மாட்டியே கிடந்தால் ரயில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஜம்பரை எடுத்துவிட்டு, எனேபிளிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர் போடுங்கள். போர்டு செத்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. ஒரு ரூபாய் சாமானில் உங்கள் மாடல் நிஜ மெட்ரோவின் புத்திக்கு ஒரு படி பக்கத்தில் போய்விடும்.

## காரணமில்லாமல் அவசர பிரேக் விழுகிறது

இந்த இடத்தில்தான் நான் மாணவர்களோடு மல்லுக்கு நிற்கிறேன். “அண்ணே, அந்த டைம்-அவுட்ட 300 மில்லிசெகண்ட்லேர்ந்து 5 செகண்ட் ஆக்கிட்டோம், இப்ப சூப்பரா ஓடுது” என்பார்கள். டைம்-அவுட் என்றால், செய்தி வராதபோது பிரேக் போடும் முன் ரயில் காத்திருக்கும் நேரம். ஓடத்தான் செய்யும். நொடிக்கு 40 சென்டிமீட்டர் போகிற ரயில், செய்தி வராத 5 நொடியில் 2 மீட்டர் போயிருக்கும். உங்கள் தண்டவாளம் மொத்தமே அவ்வளவுதான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி வரவில்லை என்றால் நிற்பது ரயிலின் தப்பு இல்லை, அதுதான் அதன் வேலை. செய்தி ஏன் வரவில்லை என்று தேடுங்கள்.

தேடுவதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள். பிரேக் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு காரண எண்ணைச் சேமித்து எல்சிடியில் காட்டுங்கள்: 1 என்றால் சிக்னல், 2 என்றால் செய்தி வரவில்லை, 3 என்றால் வேகம் மீறியது, 4 என்றால் போர்டு ரீசெட் ஆகி எழுந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது. தண்டவாளத்தைப் பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி மெல்லிய தோலாகப் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அப்புறம் தண்டவாள இணைப்புகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இணைப்பு தாண்டி வோல்ட் இறங்கினால் அந்த இடத்தில் ஒரு துண்டு வயரைச் சால்டர் செய்யுங்கள்.

கிளம்பும்போது விழுகிறது, எண் 4 காட்டுகிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்சாரத்தை அள்ளிக்கொண்டு போகிறது, போர்டுக்குப் போதவில்லை. சதுர 9 வோல்ட் பேட்டரியைப் போட்டிருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். அது மோட்டாரை ஓட்டுவதற்கான பேட்டரியே இல்லை. 18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போடுங்கள், பாதுகாப்பு போர்டு சேர்த்து. எல்298என் தன்னிடமே ஏறத்தாழ 2 வோல்ட் வைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது எப்போது வேண்டுமானாலும் விழுகிறது. மோட்டார் பிரஷ் தெறிக்கும் தீப்பொறி வயர் வழியாக மின் இரைச்சலைக் கிளப்புகிறது. மோட்டாரின் இரு முனைக்கும் நடுவே, மோட்டாரை ஒட்டியே, ஒரு 104 கெபாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். மோட்டார் வயரையும் சென்சார் வயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். டேப் சுற்றி அழகாகக் கட்டிய மாடல்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஆள் கூடினால் விழுகிறது, எண் 2. ரேடியோ. அரங்கில் நூறு மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கும்; வைஃபையும் உங்கள் ரேடியோவும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி. என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூல் என்றால் முதலில் அதன் சப்ளை முனையில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், பாதி பிரச்சினை அதிலேயே தீரும். பிறகு சேனல். ஹாட்ஸ்பாட்டுகள் பெரும்பாலும் 1, 6, 11 ஆம் வைஃபை சேனல்களில் இருக்கும். அவை 2473 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். மாட்யூலின் சேனலை 76-லிருந்து 80-க்குள் (அதாவது 2476 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ்) வைத்துப் பாருங்கள். அதற்கு மேலே, 2483.5 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் எல்லை அங்கே முடிகிறது. ஈஎஸ்பி32-வில் ஈஎஸ்பி-நவ் (போர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறை) போட்டவர்கள், ஒரு போர்டு மட்டும் வைஃபை ரவுட்டரோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் அது ரவுட்டரின் சேனலுக்கு ஓடிவிடும், மற்றது பழைய இடத்திலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

## ரயில் உள்ளே நிற்கிறது, சிக்னல் பச்சை காட்டுகிறது

கண்காட்சியில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இருந்தாலும் இருப்பதிலேயே மோசமான கோளாறு இதுதான். நடுவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் முதலில் இதைத்தான் சோதிப்பார்.

சோதனை எளிது. மாடலை ஓடவிட்டு, ஒவ்வொரு சென்சார் வயராகப் பிடுங்குங்கள். எந்த வயரைப் பிடுங்கினாலும் அந்தப் பகுதி சிவப்புக்குப் போக வேண்டும். ஒன்றைப் பிடுங்கி, பச்சை அப்படியே இருந்தால் உங்கள் மாடல் “தெரியவில்லை” என்பதையும் “காலி” என்று எடுத்துக்கொள்கிறது.

1872-இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் தண்டவாளச் சுற்றுக்குக் கண்டுபிடித்த வழியையே இங்கும் செய்யலாம். தண்டவாளம் வழியாக எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது மட்டும் பச்சை. ரயில் வந்து சக்கரத்தால் ஷார்ட் செய்தாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழுந்து சிவப்பாகும். உங்கள் போர்டில் இன்புட் புல்-அப் போட்டுவிட்டு, ‘காலி’ என்ற செய்தி லோவாக வரும்படி வயர் செய்யுங்கள். வயர் அறுந்தால் புல்-அப் அதை ஹைக்குத் தூக்கும், ஹை என்றால் சிவப்பு. சில மாட்யூல்கள் தலைகீழாகக் கொடுக்கும். அங்கே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் தேவைப்படும். அதற்குச் செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை.

நுழையும் இடத்தில் மட்டும் சென்சார் வைத்து, “5 நொடியில் ரயில் போயிருக்கும்” என்று நேரக் கணக்கில் பச்சை போடுகிற மாடல்களைச் சரிசெய்ய முடியாது. ரயில் நடுவில் நின்றால் கதை முடிந்தது. வெளியேறும் இடத்திலும் ஒரு சென்சார் வையுங்கள்.

## ரயில் போய்விட்டது, சிவப்பு போகவில்லை

எரிச்சல் வகை. பயப்பட ஒன்றுமில்லை.

வெளியேறும் சென்சாரில் தூசி, அல்லது அது கோணியிருக்கிறது. துடைத்து நேராக்குங்கள். உள்ளே போகிற, வெளியே வருகிற சக்கர அச்சுகளை எண்ணும் மாடல் என்றால் உள்ளே 4, வெளியே 5 என்று கணக்கு உதைக்கும். ரீட் சுவிட்ச் ஒரே காந்தத்துக்கு இரண்டு மூன்று தடவை துடிக்கும் என்பதுதான் காரணம். நொடிக்கு 40 சென்டிமீட்டரில் போகிற, அச்சு இடைவெளி 4 சென்டிமீட்டர் உள்ள ரயிலில் இரு அச்சுக்கு நடுவே 100 மில்லிசெகண்ட் கிடைக்கும். அதனால் ஒரு துடிப்புக்குப் பிறகு 30 மில்லிசெகண்ட் வரை வருவதை எல்லாம் தள்ளிவிடலாம்.

ரீசெட் பட்டன் வைப்பவர்கள் கவனியுங்கள். ரயில்வேயில் அச்சு எண்ணியை ரீசெட் செய்ய, அந்தப் பகுதி காலி என்று உறுதிசெய்யும் நடைமுறை உண்டு. அழுத்தினால் உடனே பச்சை வருவதில்லை. மாடலில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் ரீசெட் என்று வையுங்கள், கண்ணால் பார்த்த பிறகு.

## பிளாட்ஃபார்மைத் தாண்டி நிற்கிறது, அல்லது முன்னாலேயே நிற்கிறது

சென்னையின் சுரங்க நிலையங்களில் பிளாட்ஃபார்ம் ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, சர்வோ மோட்டார் வைத்து அதையும் செய்கிறார்கள். கதவு வந்த பிறகு இந்தக் கோளாறு பெரிய தலைவலியாகிவிட்டது. ரயில் கதவும் அதுவும் நேராக நிற்க வேண்டுமே.

காலையில் தாண்டுகிறது, மாலையில் முன்னாலேயே நிற்கிறது. பேட்டரி. 18650 இரண்டு செல் முழுதாக ஏறியிருக்கும்போது 8.4 வோல்ட், போகப்போக 7-க்கு இறங்கும். வேகம் அதோடு மாறும். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது வேகம் 10 சதவீதம் ஏறினால் தூரம் 21 சதவீதம் ஏறும். புரோகிராமில் எண்ணை மாற்றி மாற்றிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மோட்டாருக்கு, வோல்ட்டைக் குறைத்து நிலையாக வைக்கும் ஒரு பக் கன்வர்ட்டர் போட்டு 6 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.

எந்த நேரத்திலும் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரே சென்சாரில் முழு பிரேக் போடாமல், தூரத்தில் ஒன்று, நிலையத்தில் ஒன்று என்று இரண்டு வையுங்கள். முதலாவதில் மெதுவாக ஊர்ந்து வரச்சொல்லி, இரண்டாவதில் நிறுத்துங்கள்.

சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடர் போட்டும் சரியாக வரவில்லை. சக்கரம் வழுக்குகிறது. பிரேக் விழும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு ரயில் சறுக்கினால் என்கோடர் எண்ணாது. ரயில் போயிருக்கும், கணக்கு போயிருக்காது. தண்டவாளத்தில் எண்ணெய்க் கை பட்டிருக்கிறதா பாருங்கள், பலகாரம் தின்ற கையோடு தொட்டதாகத்தான் இருக்கும். பிரேக்கை ஒரேயடியாகப் போடாமல் படிப்படியாக ஏற்றுங்கள். நிஜ மெட்ரோவிலும் சக்கரக் கணக்கில் பிழை சேரும் என்பதால்தான் தண்டவாளத்தில் ஆங்காங்கே இடத்தைச் சொல்லும் ‘பலீஸ்’ என்ற கருவியைப் பதித்து, அதைக் கடக்கும்போதெல்லாம் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள். நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காந்தமோ டேக்கோ வைத்து, அங்கே என்கோடரைப் பூஜ்யம் ஆக்குங்கள்.

சக்கரமே வட்டமாக இல்லாமல் ஆடுகிறது என்றால் நம் கையில் ஆகாது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பித்தளையில் நான்கு சக்கரம் கடைந்து கொடுப்பார்கள்.

## வீட்டில் ஓடியது, அரங்கில் ஓடவில்லை

“நேத்து நைட்டு ஓடுச்சுண்ணே!” இந்த வரியில் இருக்கிற துப்பு ‘நைட்டு’தான். ஐஆர் சென்சாருக்குப் பெரிய எதிரி சூரிய வெளிச்சம். அதில் இருக்கிற அகச்சிவப்பு சென்சாரை நிரப்பிவிடும். தன் எல்இடி வெளிச்சம் எது, வெயில் எது என்று அதற்குத் தெரியாது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவில் தரையில் பரப்பிச் சோதிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உச்சிவேளையில் முற்றத்தில் விழுகிற வெயில் ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் பட்டு, பத்தடி தள்ளி நிழலில் இருக்கிற சென்சாரில் போய் விழும். தூணின் நிழல் நகர நகர ஒவ்வொரு சென்சாராகக் குருடாவதை நானே பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் மேடை ஃபோகஸ் விளக்கு இதே வேலையைச் செய்யும்.

எல்இடி எரிந்தே கிடக்கும் சென்சார் மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடியுங்கள். அணைந்தால் வெளிச்சம்தான். கறுப்பு டேப் சுற்றிய ஸ்ட்ரா துண்டை ரிசீவரின் மேல் மாட்டுங்கள். சென்சாருக்கு எதிர்ப்பக்கம் பளபளப்பான சார்ட் பேப்பர் இருந்தால் அதை மாற்றி மங்கலான கறுப்பு ஒட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிஎஸ்ஓபி1738 ரிசீவருக்கு மாறலாம். அது 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியை மட்டும் பார்க்கும், ஆனால் விடாமல் அனுப்பினால் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால், வெளிச்சம் நம் கட்டுப்பாட்டில் இல்லாத இடத்துக்குப் போகும் மாடலில் ஐஆர் வேண்டவே வேண்டாம், காந்த சென்சாருக்குப் போய்விடுங்கள். வெயிலும் தூசியும் அதை ஒன்றும் செய்யாது.

மேசை சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மண்டபத்து மடக்கு மேசைகள் நடுவில் தொய்ந்திருக்கும். தண்டவாள இணைப்பு அங்கே வாய் பிளந்துவிடும்.

## சூடு, புகை, ஷாக்

இங்கே சோதனை எதுவும் இல்லை. சுவிட்சை அணையுங்கள்.

டிரைவரின் ஹீட் சிங்க் விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் மோட்டார் சிக்கிக்கொண்டிருக்கிறது அல்லது ஷார்ட். லித்தியம் பேட்டரி உப்பினாலோ, சார்ஜ் போடும்போது கொதித்தாலோ, 18650-இன் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தாலோ, அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். பேட்டரி திரும்ப எடுக்கும் கடையில் கொடுங்கள். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்லைக் குழந்தைகள் மாடலில் போடுவதற்கு நான் உதவுவதில்லை.

தண்டவாளத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மலிவான அடாப்டர் கசியலாம். பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக்கும் இன்னும் இருக்கிறது. இந்த இரண்டில் எது என்பதை மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதுவரை பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

கடைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் ரயிலை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஒரு நிலையமும் இரண்டு சென்சாரும் உள்ள தண்டவாளத் துண்டு, நீங்கள் உண்மையில் போடும் பேட்டரி, பின் எண்கள் எழுதிய காகிதம், கோளாறு நடக்கும்போது எடுத்த ஒரு வீடியோ, எல்சிடியில் வந்த காரண எண்: இவை வேண்டும். கண்காட்சிக்கு முதல்நாள் சாயங்காலம் வராமல் இரண்டு நாள் முன்னால் வந்தால், மதுரையிலிருந்து வர வேண்டிய சாமான் ஏதாவது இருந்தாலும் வரவழைத்துவிடலாம்.